கண்ணாடி முன் வீரன்

சீன நடிகரும் இயக்குநருமான ஜியாங் வென்னைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து புரூஸ் லீ, ஜாக்கி சான் என்று பேச ஆரம்பித்தால், கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் சரி, ஜியாங் வென் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பேன். பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் அந்த பெஞ்சில் நான் சொல்வதுதான் சினிமா. சீன வரலாறும் நான் சொல்வதுதான். எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாத துறையாகப் பார்த்து நிபுணனாவது என் பழைய வழக்கம்.

அந்த நிபுணத்துவம் எங்கெங்கே சந்தி சிரித்தது என்று சொல்லத்தான் இந்தப் பத்தி.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் அவர் படம் ஒன்றைத் திரையிட ஏற்பாடானது. நோட்டீஸ் அடிக்கும் வேலை என்னுடையது. கணினியில் தேடி, அகன்ற முகமும் முறைப்புமாக ஒரு ஆளின் படத்தை எடுத்து, நோட்டீஸின் பாதியை அடைக்கிற மாதிரி போட்டேன். கீழே, 'ஆசியாவின் மகத்தான கலைஞர்' என்று ஒரு வரி. படத்தில் இருந்தவர் அவருடைய தம்பி ஜியாங் வூ. தம்பியும் சாதாரண ஆள் இல்லை. ஜா ஜாங்கே இயக்கிய 'எ டச் ஆஃப் சின்' (2013) படத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களின் ஊழலைக் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் துப்பாக்கியைத் தூக்குகிற சுரங்கத் தொழிலாளியாக வருவாரே, அவர்தான். ஆனாலும் அண்ணன் படத்துக்குத் தம்பி முகம் போட்டால் தப்பு தப்புதான். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் மட்டும் கண்டுபிடித்துக் கேட்டாள். "வேணும்னுதான்மா போட்டேன், யார் கவனிக்கிறாங்கன்னு பாக்க" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை.

நோட்டீஸைவிடப் பெரிய கூத்து அறிமுக உரையில் நடந்தது. திரையிட்ட படம் 'டெவில்ஸ் ஆன் தி டோர்ஸ்டெப்' (2000). பல வருடம் முன்னால் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்திருந்தேன். அது வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த ஒரு மணி நேரம். அந்த நம்பிக்கையில் மேடையேறி, "போர்க்காலத்தை இவ்வளவு கலகலப்பாகச் சொன்ன படம் வேறு இல்லை, குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று பேசிவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள், பிள்ளைகளோடு.

கதை இதுதான். ஜப்பான் வட சீனாவைப் பிடித்து வைத்திருக்கிற காலம். ஹெபெய் மாநிலத்தில், சீனப் பெருஞ்சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அங்கே மா தாசான் என்ற குடியானவன். அந்த வேடத்தில் ஜியாங் வென்னே நடித்திருக்கிறார். ஒரு ராத்திரி கதவு தட்டப்படுகிறது. யாரென்று கேட்டால், "நான்தான்" என்று மட்டும் பதில். திறந்தால் நெற்றியில் துப்பாக்கி. முகம் தெரியாத அந்த ஆள் இரண்டு சாக்கு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, வருடப் பிறப்பு வரை பத்திரமாகப் பார்த்துக்கொள், வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போகிறான். ஒரு மூட்டைக்குள் ஜப்பானியச் சிப்பாய், இன்னொன்றில் அவனுடைய சீன மொழிபெயர்ப்பாளன். வருடம் பிறக்கிறது. எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

பிடிபட்ட சிப்பாய் மானஸ்தன். சாகத் துடிக்கிறான். கிராமத்தாரைக் கோபப்படுத்தினால் சீக்கிரம் கொன்றுவிடுவார்கள் என்று, நல்ல வசவாக நாலு சொல்லிக்கொடு என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்கிறான். உயிருக்குப் பயந்த மொழிபெயர்ப்பாளன் புத்தாண்டு வாழ்த்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறான். சிப்பாய் கண்கள் சிவக்க, நரம்பு புடைக்க வாழ்த்துகிறான். ஊர்க்காரர்கள் இவனுக்கு ஏன் இத்தனை கோபம் என்று விழிக்கிறார்கள். எங்கள் அரங்கமே அதிர்ந்தது. நான் பின்வரிசையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கொல்வது என்று ஊர் முடிவெடுத்த பிறகும் கொல்லத் தெரிந்த கை ஒன்றுகூட அங்கே இல்லை. மா தாசான் போகிறான், கொல்ல முடியாமல் பெருஞ்சுவரின் காவல் கோபுரத்தில் ஒளித்து வைத்துச் சோறு போடுகிறான். கடைசியில், ஒரே வெட்டில் தலையை இறக்குகிறவர் என்று பேர் வாங்கிய பழங்காலத்துக் கிழவர் ஒருவரை வரவழைக்கிறார்கள். அவர் பீடிகை ஒரு நாழிகை போகிறது. வாளை ஓங்குகிறார். கழுத்து அறுபடவில்லை. அதற்கும் கைவசம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். உலக சினிமாவில் எனக்கு மிக நெருக்கமான பாத்திரம் அவர்தான் என்று அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நான் பார்க்காத பாகம் அதற்கப்புறம் வந்தது. கைதிகளைத் திருப்பிக் கொடுத்துத் தானியம் வாங்கிக்கொள்ளலாம் என்று கிராமத்தார் நல்லெண்ணத்தோடு ஜப்பானிய முகாமுக்குப் போகிறார்கள். ஒப்பந்தம் நடக்கிறது. தானியம் வருகிறது. விருந்து, பாட்டு, குடி. ஒரே பந்தியில் இருந்தபடியே, பாட்டும் சிரிப்பும் அடங்குவதற்குள், மொத்தக் கிராமமும் வெட்டிச் சாய்க்கப்படுகிறது. நம்மைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு முகத்தையும் தேடித் தேடி அடிக்கிறது படம். முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஓடிய படம் கடைசியில், வெட்டுப்பட்ட மா தாசானின் தலை உலகத்தைப் பார்க்கும்போதுதான் நிறம் கொள்கிறது.

விளக்கைப் போட்டபோது அந்த இரண்டு குடும்பங்களும் இல்லை. எப்போது எழுந்து போனார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. விருந்துக் காட்சியிலிருந்து நான் கண்ணைத் திறந்தே வைத்திருக்கவில்லை. மறுவாரம் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட அந்தத் தகப்பனார், "கலகலப்பா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் உரையில் ஒரு நல்ல தகவலைக்கூடச் சொல்லாமல் விட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 2000-ஆம் ஆண்டு கான் விழா ஆசிய சினிமாவுக்கு ஒரு திருவிழா. எட்வர்ட் யாங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது, 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்துக்காக டோனி லியுங்குக்குச் சிறந்த நடிகர் விருது. நாங்கள் திரையிட்ட இந்தப் படத்துக்கு, விழாவின் இரண்டாம் பெரிய விருதான கிராண்ட் பிரீ. ஊருக்குத் திரும்பினால் ஜியாங் வென்னுக்கு மாலை மரியாதை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் தணிக்கையின் அனுமதி இல்லாமல் படத்தை வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பிவிட்டார். படம் சீனத் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. வில்லன்களாக வருகிற ஜப்பானியரோடு சீனக் குடியானவர்கள் இத்தனை சகஜமாகப் பழகலாமா என்பது அதிகாரிகளின் மனக்குறை. அடுத்த படத்தை அவர் இயக்கி முடிக்க ஏழு வருடம் ஆனது.

அந்த ஏழு வருடம் அவர் சும்மா இருக்கவில்லை, நடித்துக்கொண்டிருந்தார். லூ சுவானின் 'தி மிஸ்ஸிங் கன்' (2002) அதில் ஒன்று. ஒரு சிற்றூர்ப் போலீஸ்காரன், கல்யாண வீட்டில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு மறுநாள் எழுந்தால் துப்பாக்கியைக் காணோம். உள்ளே மூன்று தோட்டா. தன் மானமே தொலைந்த மாதிரி ஊரெல்லாம் ஓடித் தேடுகிறான். பேனாவைத் தொலைத்துவிட்டு வீட்டில் எல்லோரையும் சந்தேகிக்கிற எனக்கு அந்த ஓட்டம் முழுக்கப் புரிந்தது.

அவர் ஆரம்ப வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் யாராவது எழுந்து போவார்கள். 1963 ஜனவரி 5-ல் டாங்ஷான் நகரத்தில் பிறப்பு. ராணுவக் குடும்பம். பெய்ஜிங்கில் வளர்ந்து, 1980-ல் மத்திய நாடகக் கல்லூரியில் சேர்ந்து, 1984-ல் படித்து முடித்தார். இரண்டே வருடத்தில் ஷியே ஜின் இயக்கிய 'ஹைபிஸ்கஸ் டவுன்' படத்தில் கதாநாயகன். வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு, கலாச்சாரப் புரட்சியின்போது தெருக் கூட்டும் தண்டனை கொடுக்கப்பட்ட ஒரு படித்தவனின் வேடம். அதே தண்டனை பெற்ற பெண்ணாக லியு ஷியாவ்சிங். விடியற்காலையில் ஈரக் கல் பாவிய தெருவில், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடன அடி வைத்துக் கூட்டுவது எப்படி என்று அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். ஒரு அவமானத்தை இரண்டு பேர் சேர்ந்து ரகசியமாகக் கொண்டாட்டமாக்குகிற காட்சி அது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்றுதான் என்பதை நம்ப முடியாது. முகத்தில் அத்தனை அனுபவம்.

படம் பார்த்த மறுநாள் காலையில் நானும் வாசலில் துடைப்பத்தை எடுத்தேன். வலது கால் முன்னால், இடது கால் பக்கவாட்டில், அரைச் சுற்று. கோலமாவு டப்பா உருண்டது.

"ஏங்க, கூட்டுறதுன்னா கூட்டுங்க. இல்லைன்னா உள்ள வாங்க. எதிர்வீட்டு அம்மா பாக்குறாங்க" என்றாள் மனைவி.

"ஹைபிஸ்கஸ் டவுன்" என்றேன்.

"செம்பருத்திக்கும் தண்ணி ஊத்தலை இன்னும்" என்றாள். ஊற்றினேன்.

1987-ல் வந்தது ஜாங் யிமோவின் முதல் படமான 'ரெட் சோர்கம்'. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய மோ யானின் கதை. கோங் லி மணப்பெண்ணாகப் பல்லக்கில் போக, சட்டையில்லாத முதுகோடு அதைச் சுமக்கிறவர்களில் ஒருவராக ஜியாங் வென் ஆடிக்கொண்டே போகிறார். 1988-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி. சீனப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை. இந்தப் படத்தைப் பற்றி என்னிடம் கேலிக்கதை எதுவும் இல்லை. ஒழுங்காக, முழுதாக, விழித்திருந்து பார்த்த படம்.

விழித்திருந்து என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏழு வருட இடைவெளிக்குப் பின் 2007-ல் அவர் எடுத்த 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' படத்தில் நான் தூங்கிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு தாயோடு படம் தொடங்கியது நினைவிருக்கிறது. நிறங்கள் கண்ணைப் பறித்தன. இசை ஜோ ஹிசாய்ஷி. கண்ணைத் திறந்தபோது ரயில் தண்டவாளத்தின் மேல், பூக்களுக்கு நடுவே ஒரு குழந்தை கிடந்தது. படம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே நண்பர்களிடம், "கதைன்னு ஒண்ணு இல்லை. கனவு மாதிரி. நினைவுக்கும் மறதிக்கும் நடுவுல ஒரு நதி" என்று பேசினேன். நதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஒருவர், "அந்த நாலு கதையும் எப்படி ஒண்ணு சேருதுன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டார். நாலு கதை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். "அதை ஒவ்வொருத்தரும் தனியா அனுபவிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். பிறகு விழித்திருந்து பார்த்தேன். 1976-ல் நடக்கும் கதைகளும் 1958-ல் நடக்கும் ஒன்றும், முடிச்சுகள் பின்னால் அவிழ்கிற மாதிரி பின்னியிருக்கிறார். முடிச்சு எல்லாமே எனக்கு அவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். தூங்கியவன் சொன்ன விமர்சனம் பெரிதாகத் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை.

மகனை மசியவைக்கும் முயற்சியையும் சொல்லியாக வேண்டும். அவன் 'ஸ்டார் வார்ஸ்' பைத்தியம். 2016-ல் 'ரோக் ஒன்' வந்தபோது, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வழியெல்லாம் கான், பெர்லின், தணிக்கை என்று வகுப்பெடுத்தேன். படத்தில் டானி யென் கண் தெரியாதவராகக் கோலைச் சுழற்றி அரங்கத்தையே அள்ளிக்கொண்டு போனார். அவருக்குப் பக்கத்தில், சிடுமூஞ்சியோடு, கனத்த துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பேஸ் மால்பஸ் என்ற பெயரில் நம் ஆள் நின்றார். "இவர்தான்டா" என்று அவன் தொடையைத் தட்டினேன். "எவரு? அந்தப் பெரிய துப்பாக்கியா?" என்றான். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிடுமூஞ்சி சாகும் இடத்தில் பையன் மூக்கை உறிஞ்சினான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய அபூர்வமான நாகரிகங்களில் அது ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவருடைய ஒரு படம் மட்டும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. 1994-ல் அவர் இயக்கிய முதல் படமான 'இன் தி ஹீட் ஆஃப் தி சன்'. வாங் ஷுவோவின் குறுநாவலை வைத்து எடுத்தது.

எழுபதுகளின் பெய்ஜிங். கலாச்சாரப் புரட்சி நடக்கிறது. பெரியவர்கள் புரட்சியிலும் பட்டாளத்திலும் இருக்க, ராணுவக் குடியிருப்பில் பையன்கள் கேட்பாரற்றுத் திரிகிறார்கள். பள்ளிக்கூடம் பேருக்குத்தான். அந்தக் காலத்தைப் பற்றிச் சீனத்தில் வந்த படங்களில் பெரும்பாலும் கண்ணீர் இருக்கும். ஷியே ஜின் படத்திலேயே துடைப்பத்துக்குப் பின்னால் அது நிற்கிறது. இங்கே வெயில். கொட்டுகிற, பொன்னான வெயில். பெரியவர்களின் பேரழிவு, பையன்களுக்குக் கோடை விடுமுறை. இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அங்கேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு, அந்த வயதில் அந்த ஊரில் இருந்த ஒருவன் இப்படித்தான் நினைவு வைத்திருப்பான் என்று தோன்றுகிறது.

மா ஷியாவ்ஜுன் என்ற பையன் சாவி செய்யக் கற்றுக்கொள்கிறான். எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் பூட்டைத் திறந்து அடுத்தவர் வீடுகளுக்குள் நுழைகிறான். பெரிதாக எதையும் எடுப்பதில்லை. சும்மா இருந்துவிட்டு வருவான். அப்படி ஒரு வீட்டில் தொலைநோக்கி வழியே ஒரு பெண்ணின் புகைப்படத்தைப் பார்க்கிறான். மி லான். அவன் வாழ்க்கை அத்தோடு போயிற்று. அவளிடம் வீரம் காட்டப் புகைபோக்கியின் உச்சிக்கு ஏறி, உள்ளே விழுந்து, கரி பூசிக்கொண்டு வெளியே வருகிறான். அவளோ அவனைவிட மூத்த, உயரமான அவன் கூட்டாளியோடு பழகத் தொடங்கிவிடுகிறாள். பையனாக நடித்த ஷியா யு, அச்சில் வார்த்த மாதிரி இளவயது ஜியாங் வென். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதை வாங்கிக்கொண்டு போனான் அந்தப் பிள்ளை. தைவானின் பொற்குதிரை விழாவில் 1996-ல் சிறந்த படம் என்ற விருதும் கிடைத்தது.

ஒருநாள் பையன் காவல் நிலையத்தில் மாட்டிக்கொள்கிறான். போலீஸ்காரர் முன்னால் கேவிக் கேவி அழுகிறான். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, மன்னித்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நிற்கிறான். இப்போது அவன் அதிகாரி. அதே போலீஸ்காரரைக் கண்ணாடியில் நிறுத்தி மிரட்டுகிறான், அதட்டுகிறான், யாரென்று நினைத்தாய் என்னை என்கிற தோரணையில் உலாத்துகிறான்.

அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். காரணம், சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பத்தியில் நான் எழுதிய வங்கிக் கதை. என் பாஸ்புக்கில் வந்த குளறுபடியைக் கேட்கப் போனேன், கவுண்டருக்குக் கவுண்டர் அலையவிட்டார்கள், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் மேலாளர் அறைக்குள் நுழைந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன், மனிதர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார் என்று எழுதியிருந்தேன். வாசகர் கடிதங்கள் வந்தன. ஒரு பள்ளி ஆசிரியர், 'தங்கள் துணிவு எங்களுக்கு வழிகாட்டி' என்று கார்டு போட்டிருந்தார். நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை சார், அப்புறம் வர்றேன்" என்றேன். அந்த நறுக்கென்ற நாலு வார்த்தையையும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து தயார் செய்தேன். அதிலும் இரண்டாவது வார்த்தை எழுதும்போது மெருகேற்றியது.

படத்தைத் தொடர்ந்தால் இன்னும் மோசமாகப் பிடிபட்டேன். மாஸ்கோ ரெஸ்டாரன்ட் என்ற பெரிய உணவகத்தில் பிறந்தநாள் விருந்து. பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் பையன், பாட்டிலை உடைத்துக் கூட்டாளியின் வயிற்றில் குத்துகிறான். மறுபடி குத்துகிறான். மறுபடியும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். காட்சி உறைகிறது. கதை சொல்லி வருகிற குரல், அது ஜியாங் வென்னின் குரல்தான், இதை நம்பாதீர்கள், இப்படி நடக்கவே இல்லை என்கிறது. உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நினைவு என்னை ஏய்க்கிறது என்கிறது. அந்தப் பெண்ணோடு பழகினேனா, அவள் அப்படி ஒருத்தியாக இருந்தாளா என்பதையே சந்தேகிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாம் உருகிப் பார்த்த காதல், பெண், புகைப்படம் எல்லாவற்றையும் படமே தட்டிவிடுகிறது. பிறகு கூச்சமே இல்லாமல் கதையைத் தொடர்கிறது. நாமும் தொடர்கிறோம்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒருவனை இத்தனை கனிவோடு பார்த்த இயக்குநர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கண்டிக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. கடைசியில் பையன் நீச்சல் குளத்தின் உயரமான மேடையிலிருந்து குதிக்கிறான். கரையேற வருகிறான். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் காலை நீட்டி அவன் முகத்தில் வைத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள். இந்தக் காட்சிக்குக் குரல் விளக்கம் சொல்லவில்லை. இது நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். வீரம் வருகிற இடத்தில்தான் பொய் இருக்கும். முகத்தில் மிதி வாங்கியதை எவனும் இட்டுக்கட்ட மாட்டான்.

அப்படி எழுதியவுடனே இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. மிதி வாங்கியதையும் இட்டுக்கட்ட ஆள் உண்டு. என்னைப் போன்ற பத்தி எழுத்தாளர்களின் பிழைப்பே அதுதானே. கோலமாவு டப்பா உருண்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். துடைப்பத்தோடு ஆடியது நிஜம். டப்பா உருண்டதா, அல்லது உருண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேனா என்பதை மனைவியிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்கப் போவதில்லை.

2010 கடைசியில் வந்த 'லெட் தி புல்லட்ஸ் ஃப்ளை' படத்தில் இதற்கு ஒரு கொடூரமான விடை வைத்திருக்கிறார். முதல் காட்சியிலேயே, தண்டவாளத்தில் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகிற ரயில். உள்ளே கொதிக்கிற ஹாட்பாட்டைச் சுற்றி உட்கார்ந்து தின்கிற போலி ஆளுநர் கும்பல். ஜியாங் வென் கொள்ளைக்காரன், கே யோ ஏமாற்றுக்காரன், சோ யுன் ஃபாட் ஊரை விழுங்கிய பண்ணையார். டாங்ஷான் நிலநடுக்கத்தைப் பற்றிய 'ஆஃப்டர்ஷாக்' அதே வருடம் வசூலில் சாதனை படைத்திருக்க, டாங்ஷானில் பிறந்த இந்த மனிதர் அந்தச் சாதனையைத் தாண்டினார். 'ஆஃப்டர்ஷாக்' எடுத்த ஃபெங் ஷியாவ்காங்கைத் தன் படத்தில் சின்ன வேடம் கொடுத்து, ரயிலோடு தண்ணீரில் முக்கியும் விட்டார். படத்தில் ஒரு இளைஞன் மேல், இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தான் என்று பழி. நிரூபிப்பதற்காக அவன் தன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டுகிறான். ஒரு கிண்ணம்தான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவன் செத்துப்போகிறான். சீனாவில் இந்தக் காட்சியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். நான் அதைப் பார்த்த நாளிலிருந்து, 'மனதைத் திறந்து எழுதுகிறேன்' என்று என் கட்டுரைகளில் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்கடுத்த 'கான் வித் தி புல்லட்ஸ்' (2014) பெரிய ஆரவாரத்தோடு வந்து, பாதிப் பேரைத் தலையைச் சொறிய வைத்தது. முப்பரிமாணம், ஆடல் பாடல், ஷாங்ஹாயை உலுக்கிய ஒரு பழைய கொலை வழக்கு எல்லாம் ஒரே சட்டியில். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தோற்ற படத்திலும் அவர் குறுகி நிற்பதில்லை. 2018-ல் 'ஹிடன் மேன்' படத்தில் பழைய பெய்ஜிங்கின் ஓட்டுக் கூரைகள் மேல் எடி பெங்கைச் சைக்கிள் விட வைத்துவிட்டு, மறுபடியும் தன் போக்கில் போனார். 1994 முதல் 2018 வரை அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் ஆறுதான். ஆறில் இரண்டு ஒப்பற்றவை, ஒன்று ஊரே கொண்டாடியது, மூன்று சண்டை போட ஏற்றவை. என்னைக் கேட்டால் இது மிக நல்ல கணக்கு.

பார்க்க நினைப்பவர்களுக்கு நிபுணன் என்ற முறையில் கடைசியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 'இன் தி ஹீட் ஆஃப் தி சன்' படத்தில் ஆரம்பியுங்கள். 'லெட் தி புல்லட்ஸ் ஃப்ளை' நண்பர்களோடு பார்க்கலாம். 'டெவில்ஸ் ஆன் தி டோர்ஸ்டெப்' படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், முதல் ஒரு மணி நேரத்தை நம்பாதீர்கள். 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' காலையில் பாருங்கள், வெறும் காப்பியோடு.